ஆழாக்கில் தொடங்கிய வாழ்த்து

பூவாத்தாள் செய்த முதல் பொங்கல் வாழ்த்து அட்டை எழுபத்தொரு மணி நேரம் ஈரம் காயாமல் கிடந்தது. அதன் பிறகு, 1961ஆம் வருஷம் தை முதல் நாள் காலை ஆறு மணி நாற்பத்து நான்கு நிமிடத்துக்கு, அதில் வரைந்திருந்த பானை பொங்கியது. பனியன் கம்பெனி முதலாளி ரத்தினசாமியின் வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைத்திருந்தார்கள். நுரை முதலில் பானையின் கழுத்து வரை ஏறி நின்றது. பிறகு விளிம்பைத் தாண்டி வழிந்து, அட்டையை விட்டு இறங்கி, பலகையில் ஓடித் தரையில் சொட்டியது. வாசலில் நிஜப் பானையில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த ரத்தினசாமியின் மனைவி ஞானாம்பாள் உள்ளே வந்து பார்த்தார். அரிசி அளக்கும் ஆழாக்கை எடுத்து அடியில் பிடித்தார். சரியாக ஆழாக்கு நிறைந்ததும் பொங்குவது நின்றது. அட்டையும் அந்த நிமிடமே காய்ந்துவிட்டது. பால் சூடாக இருந்தது. தண்ணீர் கலக்காத எருமைப் பால் என்று ஞானாம்பாள் சொன்னார். அதே நேரத்தில் திருப்பூருக்குள் இன்னும் பன்னிரண்டு வீடுகளில் பன்னிரண்டு அட்டைகள் ஆழாக்கு ஆழாக்காகப் பொங்கின.

அந்த அட்டைகள் உண்டானதற்கு மழைதான் காரணம். ரத்தினசாமி ஒவ்வொரு வருஷமும் சிவகாசியிலிருந்து அச்சடித்த பொங்கல் அட்டைகளை வரவழைத்து, நூல் வியாபாரிகளுக்கும் சாயப்பட்டறைக்காரர்களுக்கும் வெளியூர்ச் சரக்குப் பிடிப்பவர்களுக்கும் அனுப்புவார். அந்த மார்கழியில் லாரி நனைந்துவிட்டது. பார்சலைப் பிரித்தபோது ஐந்நூறு அட்டைகளும் ஒட்டிக்கொண்டு ஒரே செங்கல்லாக இருந்தன. வெளியூருக்கு இனி நேரமில்லை. உள்ளூரில் நேரில் கொடுத்தாக வேண்டிய பன்னிரண்டு பேர் மீதி. "பன்னெண்டு பேருத்துக்கும் என்ன மூஞ்சிய வெச்சுட்டுப் போயி நிக்கறது?" என்று அவர் பெட்டி கட்டும் இடத்தில் நின்று சத்தம் போட்டார். யாரையும் பார்த்துப் போட்ட சத்தமில்லை. ஆனால் பூவாத்தாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. பனியன் பெட்டிகளின் மூடியில் அளவு எண் போடுவது அவள் வேலை. எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு என்று வெட்டிய தகட்டை மூடிமேல் வைத்து, தூரிகையை நிமிர்த்திப் பிடித்து மையை ஒற்ற வேண்டும். இழுத்தால் மை தகட்டுக்கு அடியில் ஓடி எட்டு மொத்தையாகிவிடும். ஒரு நாளைக்கு அறுநூறு பெட்டி. மூன்று வருஷத்தில் ஒரு எட்டுகூட மொத்தையானதில்லை. அந்த மூன்று வருஷத்தில் கம்பெனிக்குள் அவள் பேசியவை ஆமாங்க, இல்லீங்க என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் அவள் வாய்க்குள் ஒரு பிடி பஞ்சை அடைத்தது போலாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி மடித்த சாமியாத்தாள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள்.

மறுநாள் விடியற்காலையில் பூவாத்தாள் வீட்டில் விளக்கை ஏற்றி உட்கார்ந்தாள். மூலை கசங்கியதென்று தள்ளிய பெட்டி மூடிகளை, முதலாளி வீட்டுக்கும் ஒன்று சேர்த்துப் பதின்மூன்று துண்டாக வெட்டினாள். இன்னும் மூன்று துண்டுகளை உருக்கிய மெழுகுவத்தியில் முக்கி விறைப்பாக்கி, ஒன்றில் பானை, ஒன்றில் கரும்பு, ஒன்றில் மஞ்சள் கொத்து என்று வெட்டித் திறந்தாள். சூரியனுக்கு முத்திரை தேவைப்பட்டது. நூல் தீர்ந்த மரக்கட்டையின் அடிப்பக்கத்தில் கதிர்களைச் செதுக்கினாள். கோடு இழுக்கச் சுண்டுவிரல் கனத்தில் மூங்கில் குழல்கள்; உள்ளே பனியன் வெட்டில் விழுந்த துணியைத் திணித்து முனையில் கொஞ்சம் வெளியே விட்டால், ஊற்றிய சாயம் துணி வழியாக இறங்கி எழுதும். சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் அவள் அப்பா நஞ்சப்பன் சாயப்பட்டறையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த மிச்சம். அதில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டாள்.

சாயப்பட்டறைக்காரர் வீட்டில் சாயம் என்றால் உப்பு. உப்பு விழாவிட்டால் நூல் சாயத்தைக் குடிக்காது என்று பால்குடி மறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்த பெண். அட்டை நூல் இல்லை, அதற்கு உப்பு வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. பட்டறை உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மார்கழிப் பனியில் கேட்கவே வேண்டாம். அட்டை காயாமல் போனது அதனால்தான். இது வரைக்கும் காரணம் சொல்லலாம்.

ஏழே முக்காலுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கடைசிச் சூரியனைக் குத்தி முடித்தாள். எட்டு மணிச் சங்குக்கு முன்னால் கம்பெனிக்குள் போய்ப் பதின்மூன்றையும் பெட்டி மேசையில் பரப்பி வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். யாராவது "ஆரு செஞ்சது?" என்று கேட்பார்கள், தலையை ஆட்டிக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம். அதில் ஒரு பிசகு இருந்தது. அந்த மேசையில்தான் தகடு வெட்டும் குமாரவேல் தன் கத்தியை வைப்பான். மேனேஜர் செங்கோட்டையன் வந்தார், அட்டைகளைப் பார்த்தார், பக்கத்தில் கத்தியைப் பார்த்தார். கேட்பதற்கு அவருக்கு ஒன்றுமே இருக்கவில்லை.

"ஏப்பா குமாரவேலு! ஒரே நாள்ல இத்தன வேலையா? கையா அது, மெசினா?"

"நானில்லீங்க."

"பொறவு? பிள்ளையார் வந்து வெட்டிக் குடுத்துட்டுப் போனாராக்கும்?"

"நெசமாலுமே நானில்லீங்க மேனேஜரய்யா. இப்பத்தான் நானே பாக்கறனுங்க."

"பாத்துக்குங்கப்பா எல்லாரும். இந்த வயசுல என்ன அடக்கம்!" என்று செங்கோட்டையன் அவன் தோளில் தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். ஆறடி தள்ளி, கையில் மூடிக் கட்டோடு பூவாத்தாள் நின்றாள். நான் என்ற சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது. அட்டைகள் ஒவ்வொன்றாகத் தட்டத்தில் ஏறிப் போய்ச் சேர வேண்டிய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இன்னும் காயவில்லை, பார்த்துப் பிடியுங்கள் என்று கொண்டுபோனவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள்.

பொங்கல் நோம்பி முடிந்து கம்பெனி திறந்த அன்று கேட்டுக்கு வெளியே ஊரே நின்றது. பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் பன்னிரண்டு அட்டையோடு வந்திருந்தார்கள். ஒருவர் பாலைத் தயிராக்கிக் கொண்டுவந்திருந்தார், கெட்டியாகத்தான் உறைந்திருந்தது. குமாரவேலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நூல் கிடங்கு வரை ஊர்வலம் போனார்கள். அவன் மேலேயிருந்து "நானில்லீங்க, நானில்லீங்க" என்று கத்திக்கொண்டே போனான். "அவனப் பாரேன்," என்றாள் சாமியாத்தாள், "மொத மொத தேரேறுன சாமியாட்டப் பயந்து போயி உக்காந்திருக்கறான்." பூவாத்தாள் சிரித்தாள். அவளுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தான் வரைந்த பானை பொங்கியது! அன்று அறுநூறு பெட்டியை மூன்று மணிக்கே முடித்துவிட்டு, நாளைய பெட்டிகளுக்கும் எண் போட்டுத் தள்ளினாள். சொல்லாமல் விட்டது அன்றைக்கு அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தது.

அடுத்த வருஷம் சிவகாசிக்கு யாரும் எழுதிப் போடவில்லை. மார்கழி பிறந்ததும் செங்கோட்டையன் நல்ல வெள்ளை அட்டையை வாங்கி அந்த மேசையில் வைத்தார். ஒரு வாரத்தில் அட்டை காணாமல் போய், நாற்பது வாழ்த்துகளாகத் திரும்பி வந்தது. அந்தத் தையில் ஒவ்வொன்றும் உழக்குப் பால் பொங்கியது. கல்கத்தாவில் ஆறு பதினெட்டுக்கும், திருப்பூரில் ஆறு நாற்பத்து நான்குக்கும், பம்பாயில் ஏழு பதினான்குக்கும் பொங்கியதாகக் கடிதங்கள் வந்தன. செங்கோட்டையன் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அந்தந்த ஊரில் சூரியன் எழும் நேரம் அது என்று கண்டுபிடித்து, ஒரு அட்டவணை எழுதி ஆபீஸ் சுவரில் மாட்டினார். கல்கத்தா வியாபாரி, அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிவிட்டதால் மெத்தை பாழானதாகவும், அடுத்த வருஷம் ஆறு அட்டையாக அனுப்பும்படியும் எழுதியிருந்தார்.

மூன்றாம் வருஷம் உரி. அந்த வருஷம் எங்கோ மரம் விழுந்து ரயில் வழியில் நின்றுவிட, தபால் பைக்குள்ளேயே அறுபது அட்டைகள் பொங்கின. வண்டியில் இருந்தவர்கள் பக்கத்து ஊரில் அரிசியும் வெல்லமும் வாங்கிவந்து, இறக்கி வைத்து, முறைப்படி சூரியனுக்குக் காட்டிச் சாப்பிட்டார்கள் என்று தகவல். நான்காம் வருஷம் ஒரு படி. உள்ளூர்த் தபால்காரர் கருப்புசாமி அந்த வாரம் முழுவதும் சைக்கிளில் ஒரு தூக்குப்போசியையும் மாட்டிக்கொண்டு திரிந்தார், நேரத்துக்குக் கொடுத்து முடிக்க முடியாவிட்டால் பிடிக்க ஒன்று வேண்டுமே என்று. பக்கத்துத் தெருக் கம்பெனிக்காரர் எட்டுப் பெண்களை உட்கார வைத்து, கடையில் வாங்கிய வர்ணத்தில் அதே பானை, அதே கரும்பு, அதே சூரியன் என்று ஆயிரம் அட்டை செய்தார். அரை மணியில் காய்ந்தன, காய்ந்தபடியே இருந்தன. மறு வருஷம் வர்ணத்தில் பாலையே கலந்து பார்த்தார். எறும்பு வந்தது.

பூவாத்தாளுக்கு வருஷத்தில் பதினோரு மாதம் சாதாரண மாதங்கள். மார்கழி பிறந்தால் உடம்பில் ஒரு பரபரப்பு ஏறிவிடும். புதுப் புது முத்திரைகள் செதுக்கினாள். ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கட்டிய காப்பை ஒரு வருஷம் மூலையில் குத்தினாள். அந்த அட்டை வைத்த வீடுகளில் பல்லியும் பூரானும் காணாமல் போயின. இன்னொரு வருஷம் அட்டையில் ஒரு மாட்டை வரைந்து கொம்புக்குச் சிவப்புத் தீட்டினாள்; அது பட்டிப் பொங்கல் அன்று தலையை ஒரு பக்கம் திருப்பியது. குழலை அட்டையில் வைக்கிற அந்தக் கணத்தில், கோடு எங்கே போக வேண்டும் என்று கைக்குத் தெரிகிற அந்தக் கணத்தில், அவளுக்குக் கூச்சம் என்ற ஒன்று இருந்ததே ஞாபகம் இராது. அட்டையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பும்போது அது திரும்ப வந்து அவளுக்குள் உட்காரும். ஒருமுறை ஆபீஸ் கதவு வரை போய்விட்டாள். செங்கோட்டையன் நிமிர்ந்து "என்ன அம்மிணி?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு சொல் மூன்றானது, அவ்வளவுதான் லாபம். அட்டையைப் பற்றி ஊரே பேசியது. மேசையிலும் டீக்கடையிலும் பஸ்ஸிலும் பேசியது. ஒவ்வொரு பேச்சிலும் குமாரவேலின் பெயர் வந்தது. தன் வீட்டிலேயே அவள் அப்பா "அந்தக் குமாரவேலு கையில என்னமோ இருக்குது கண்ணு" என்று சொன்னபோது, சோற்றுத் தட்டிலிருந்து எழுந்து போய்க் கை கழுவினாள்.

குமாரவேல் வருஷா வருஷம் மறுத்தான். இரண்டாம் வருஷம் தொழிலாளர் எல்லாரையும் கூட்டி வைத்து மறுத்தான், கைதட்டினார்கள். மூன்றாம் வருஷம் சிவன்மலை ஏறி முருகன் சந்நிதியில் சூடம் அடித்து, அட்டை செய்தது நானில்லை என்று சத்தியம் செய்தான். கூடப் போன நாற்பது பேரும் கண் கலங்கி இறங்கி வந்து, இப்பேர்ப்பட்ட அடக்கத்தை ஆண்டவன்தான் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். ரத்தினசாமி அவனுக்கு ஒரு கைக்கடிகாரம் போட்டார். சேவூரிலிருந்து ஆத்தப்பன் என்பவர் தன் மகளைக் கொடுப்பதாக வந்தார். "உங்க மகளுக்கு வேண்டியது அட்டை செய்யறவன். அது நானில்லீங்க" என்று குமாரவேல் சொல்ல, ஆத்தப்பனுக்கு அவனை இன்னும் பிடித்துப்போய், வெற்றிலை பாக்கோடு நாலு தரம் வந்தார். டீக்கடையில் அவனிடம் காசு வாங்க மறுத்தார்கள். எண்பது அளவு உடம்புக்கு நூறு அளவு பனியனைப் போட்டுவிட்டது போல அவன் அந்தப் புகழுக்குள் தொளதொளவென்று நடந்தான்.

ஆனால் அவன் கண் தகடு வெட்டுகிறவன் கண். நான்காம் வருஷத்து அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான். அடுத்த மார்கழியில் வெள்ளை அட்டைக் கட்டின்மேல் பனியன் துணியில் சுற்றிய ஒரு சின்னக் கத்தி இருந்தது. கூட ஒரு சீட்டு: 'முனை மழுங்கின கத்தியில வெட்டுறீங்க. கரும்பு எலையில தெரியுது. இத வெச்சுக்குங்க.' பூவாத்தாள் அதை எடுத்துக்கொண்டாள். அந்த வருஷத்துக் கரும்பு இலைகள் கூர்மையாக வந்தன. கோயமுத்தூரில் ஒரு நூல் வியாபாரி அட்டையைத் தடவிப் பார்த்து விரலைக் கிழித்துக்கொண்டார்.

"அட்டை எடுக்க வர்றப்ப ஒளிஞ்சு நின்னு புடிக்கறதுதானே?" என்று சாமியாத்தாள் அவனிடம் கேட்டாள். பூவாத்தாள் பக்கத்திலேயே எண் போட்டுக்கொண்டிருந்தாள்.

"புடிச்சாத் திருட்டப் புடிச்ச மாதிரி ஆயிருமுங்க," என்றான் குமாரவேல். "அவீங்க திருடல. எனக்குத்தான குடுத்துட்டே இருக்கறாங்க. அவீங்களாச் சொல்லோணும்."

அன்று, வேலைக்கு வந்த ஏழெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு எண்பது எண்பதாக விழவில்லை. சாமியாத்தாள் அந்த மூடியைப் பார்த்தாள், பூவாத்தாளின் முகத்தைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் மூடியை மடித்துத் தன் சேலைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் சோற்றுப்போசியைத் திறக்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "ஏன்டி, உன்ற தொண்டைக்குள்ள என்ன, பூட்டா போட்டிருக்குது?" என்று கேட்டாள். "நாஞ் சொல்லீறட்டுமா?" பூவாத்தாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வேறு ஒருவர் வாயால் வந்தால் அது மறுபடியும் வேறு ஒருவருடையதாகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. அதையும் அவள் சொல்லவில்லை. சாமியாத்தாளாகப் புரிந்துகொண்டாள்.

ஐந்தாம் வருஷம் இரண்டு படி. ஆறாம் வருஷம், 1966இல், நான்கு படி. ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று அது வருஷத்துக்கு இரட்டிப்பாவதைச் செங்கோட்டையன் சுவர் அட்டவணையில் குறித்துவைத்திருந்தார். ஏன் இரட்டிக்கிறது என்பதற்கு அவரிடம் கட்டம் இல்லை. கல்கத்தாவில் ஆறு அட்டை வைத்த வியாபாரியின் கடைத் தரை முழுவதும் பால் பரவியது. பனியன் கட்டுகளை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு, தெருவுக்கே ஊற்றிக் கொடுத்ததாக மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். தபாலில் திரவம் அனுப்பக் கூடாது என்பது விதி. அந்த வருஷத்தோடு தபாலாபீஸில் அட்டைகளை வாங்க மறுத்துவிட்டார்கள்.

ரத்தினசாமி அசரவில்லை. அட்டை போக முடியாவிட்டால் ஆள் வரட்டும் என்றார். 1967 தைக்குக் கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் சரக்குப் பிடிப்பவர்களை நேரில் வரவழைத்தார். கம்பெனி முற்றத்தில் பந்தல், பத்து அண்டா, ஒரு மேடை. மேடையில் ஒரு மேசை, நாற்காலி. குமாரவேலைக் கூப்பிட்டார்.

"இந்த வருசம் ஒரே ஒரு அட்டை. எல்லாருத்து கண்ணு முன்னாலயும் உக்காந்து நீ செய்யறே. நோம்பியன்னிக்கு அது பொங்குது."

"மொதலாளி, நானில்லீங்க."

"இத பாரு. ஆறு வருசம் அடக்கம்னு நெனச்சேன். இப்ப அது திமிராட்டத் தெரியுது. கல்கத்தா, பம்பாய் ஒறம்பரையெல்லாம் ரயிலேறிட்டாங்க. செய்யி. இல்லீனா கத்திய வெச்சுப்போட்டு ஊடு போயிச் சேரு. நாளப்பின்ன இந்தக் கேட்டுக்குள்ள காலு வெக்காதே."

இது எல்லாரும் கேட்கும்படி சொன்னது. பெட்டி அடுக்குக்குப் பின்னாலிருந்து பூவாத்தாளும் கேட்டாள். வாயைத் திறந்தாள். பஞ்சு. குமாரவேல் ஒரு தரம் பெட்டி அடுக்குகளின் பக்கம் பார்த்தான், யாரைப் பார்ப்பது என்று தெரியாமல். பிறகு சரியென்று தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் அவன் மேடையில் உட்கார்ந்து அட்டை செய்தான். அவன் கை பழகிய கை. அப்படி ஒரு வெட்டைத் திருப்பூர் பார்த்ததில்லை. கரும்புக்குக் கணு கணுவாக நிறம் மாற்றினான். பானைக்கு வளைவில் நிழல் ஒற்றினான். மஞ்சள் கொத்தில் மண்கூட ஒட்டியிருந்தது.  பின்வரிசையில் நின்ற பூவாத்தாள் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியும் ஒற்றலாமா என்று அவள் கை காற்றிலேயே செய்து பார்த்தது. இருபத்தைந்து நிமிடத்தில் அட்டை காய்ந்தது. செங்கோட்டையன் சிவப்பின் மேல் விரலை வைத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அட்டையை மேடைப் பலகையில் நிறுத்தி வைத்துவிட்டுப் பேசாமல் இறங்கி வந்தார். அந்த வருஷம் வெள்ளை அட்டை மேசைக்கு வரவில்லை. பூவாத்தாள் ஒரு பெட்டி மூடியை எடுத்துப் போய் விடியற்காலையில் ஒரே ஒரு அட்டை செய்தாள்.

தை முதல் நாள் ஆறரைக்கே முற்றம் நிறைந்துவிட்டது. கல்கத்தா வியாபாரி சால்வைக்குள்ளிருந்து கடிகாரத்தை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அண்டாக்களை மேடைக்குக் கீழே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கருப்புசாமி பழக்கத்தில் தூக்குப்போசியோடு வந்திருந்தார். குமாரவேல் தன் கத்தியைத் துணியில் சுற்றிக் கையில் தயாராக வைத்திருந்தான். பெண்கள் நின்ற பக்கத்தில், தோளில் ஒரு துணிப்பையோடு பூவாத்தாள் நின்றாள். அவளுடைய அட்டை அதில்தான் இருந்தது. மேடையேறி அதை மேசையில் வைத்துவிடுவது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போது முடிவு செய்திருந்தாள். வந்து பார்த்தால் மேடைக்கும் அவளுக்கும் நடுவில் முந்நூறு பேர் இருந்தார்கள். ஒரு அடி வைத்தாள். அதற்கப்புறம் கால் போகவில்லை.

ஆறு நாற்பத்து மூன்று. ஆறு நாற்பத்து நான்கு. மேடை அட்டை நின்ற இடத்தில் அழகாக நின்றது. ரத்தினசாமி குமாரவேலின் பக்கம் திரும்பினார்.

அப்போது பெண்கள் பக்கத்தில் ஒரு கூச்சல். பூவாத்தாளின் தோள்பையிலிருந்து நுரை கிளம்பி, பையின் வாயைத் தாண்டி, அவள் சேலையை நனைத்துக்கொண்டு தரைக்கு இறங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக் குதித்தார்கள். "அய்யோ, பாலு! பாலு!" "ஏம்புள்ள, ஏனத்தக் கொண்டாங்க சீக்கிரம்!" "கம்முனு நிக்காதடி, அசையி!" என்று சாமியாத்தாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஐந்து எண்ணுவதற்குள் முந்நூறு பேரும் வழிவிட்டார்கள். பூவாத்தாள் முதல் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று அட்டையைப் பையிலிருந்து எடுத்து மேலே பிடித்தாள். பால் கம்பியாக இறங்கியது. பொங்கலோ பொங்கல் என்று முற்றமே கத்தியது. ஞானாம்பாள் படியால் மொண்டு எண்ணினார்: ஒன்று, இரண்டு, மூன்று. எட்டோடு நிற்க வேண்டியது. நிற்கவில்லை. ஒன்பதாவது படி போனது, பன்னிரண்டு போனது, அண்டா நிறைந்தது. நாலு ஆண்கள் அதைத் தூக்கி நகர்த்தி அடுத்ததை வைத்தார்கள். யாரோ வெல்லம் எங்கே என்று கேட்டார்கள். யாரோ அடுப்பு மூட்டினார்கள். கருப்புசாமி தன் போசியை நிரப்பிக்கொண்டு அடுத்தவருக்கு இடம் விட்டார்.

ரத்தினசாமி மேடையிலிருந்து குதித்து வந்தார். வந்தவர் குமாரவேலைத்தான் கட்டிப் பிடித்தார்.

"அட குறும்புக்காரா! மேல ஒண்ண வெச்சுப்போட்டு, நெசத்த அம்மிணி பையில ஒளிச்சு வெச்சிருந்தியா! என்ற உசுரே போயிருச்சுப்பா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. செங்கோட்டையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது, அவரும் சிரித்தார். கல்கத்தா வியாபாரி குமாரவேலின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அவன் வேலை பிழைத்தது. இனி யாரும் யாரையும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. பூவாத்தாள் அட்டையைப் பிடித்தபடி நின்றாள். எல்லாரும் அட்டையைப் பார்த்தார்கள், அதைப் பிடித்திருந்த கையை யாரும் பார்க்கவில்லை. குமாரவேல் மட்டும் பார்த்தான். சாய விளிம்பு ஏறிய நகங்களைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தான். மூடிக்கொண்டான். ஏழு வருஷத்தில் அன்றுதான் அவன் மறுக்கவில்லை. முதலாளியின் பிடியில் நின்றபடி அவளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

இரண்டாவது அண்டா நிறைந்தது. மூன்றாவது வந்தது.

"நானுங்க" என்றாள் பூவாத்தாள்.

அண்டா உருட்டுகிற சத்தத்தில் அது அமுங்கிவிட்டது. சாமியாத்தாள் திரும்பி, "எல்லாரும் கொஞ்சம் கம்முனு இருங்கப்பா!" என்று ஒரு கத்துக் கத்தினாள். முற்றம் அடங்கியது. முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பால் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன அம்மிணி சொன்னே?" என்றார் ரத்தினசாமி.

"அவரு சொன்னது நெசமுங்க மொதலாளி. அவரு செய்யலீங்க. மொத அட்டையிலிருந்து இது வரைக்கும் அத்தனையும் நாஞ் செஞ்சதுங்க. எம் பேரு பூவாத்தாளுங்க."